சந்தியும் சனநாயகமும்

“வீதிச் சந்தியொன்றை மாற்றியமைப்பது பொறியியலாளரின் பணி, அதில் மக்களிடம் கேட்பதற்கு என்ன உண்டு?” என்று வினவுவோர் நம்மிடையே பலர். கற்றோரிடத்தும் இக்கருத்து வேரூன்றியிருப்பது கவலைக்குரியது. இதன் பொருந்தாமையை உணர்த்தக் கொழும்பின் கொள்ளுப்பிட்டிச் சந்தி ஒன்றே போதுமானது.

காலி வீதியும் தர்மபால மாவத்தையும் கூடும் இவ்விடத்தின் ஒரு புறத்தே, கடலோரமாகப் புகையிரத நிலையம் உள்ளது. சந்தையும் கடைத்தொகுதிகளும் பாடசாலைகளும் அண்மையில் உள்ளன. காலி வீதியும் அதற்கு இணையான ஆர். ஏ. டி மெல் மாவத்தையும் ஒருவழிப் பாதைகளாக்கப்பட்டபோது, போகும் பேருந்தும் வரும் பேருந்தும் வெவ்வேறு வீதிகளுக்குப் பிரிந்தன. வாகனம் தடையின்றி ஓடவேண்டும் என்ற அளவுகோலுக்கு இது சிறந்த ஏற்பாடாகலாம். ஆயின், பையைச் சுமந்து ஒரு வீதியிலிருந்து மறுவீதிக்கு நடக்கும் முதியவரின் களைப்பு எந்த அளவுகோலிற் பதிவாகிறது? பச்சை விளக்கின் வினாடிகளைக் கணிப்பது பொறியியல். அவ்வினாடிகளை வாகனத்துக்கும் பாதசாரிக்கும் எவ்விகிதத்திற் பங்கிடுவது என்பதோ நீதி பற்றிய வினா. அதனைத் தனித்துத் தீர்க்கும் ஆணையை நிபுணருக்கு எவரும் வழங்கவில்லை.

இது புதிய கருத்தன்று. 1921இல் கொழும்புக்கு நகரத்திட்ட அறிக்கை எழுதிய பற்றிக் கெடிஸ், திட்டத்துக்கு முன் ஆய்வு வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியவர். அவர் கருதிய ஆய்வு வாகனங்களை எண்ணுவதோடு முடிவதன்று. ஊரின் வாழ்க்கையையே அறிவதாகும்.

நமது சட்டம் என்ன கூறுகிறது? தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் வெளியான 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளையே சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்படுத்துகிறது. எனவே, பொதுமக்கள் கருத்துரைக்கும் அவ்வழி சந்திக்கு இல்லை. தகவலுக்கான உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) ஒரு படி முன்செல்கிறது. ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களின் விபரங்களை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியோருக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை என்கிறது. நன்று, ஆனால் அறிவித்தல் வேறு, கேட்டல் வேறு. செரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வகுத்த எட்டுப் படி ஏணியில் அறிவித்தல் மூன்றாம் படி. கருத்துக் கேட்டல் நான்காம் படி. அந்த நான்காம் படியையும் அவர் வெறும் ஒப்புக்கான பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். மெய்யான பங்காண்மை ஆறாம் படியிலேயே தொடங்குகிறது.

மக்கள் சார்பிற் பேசப் பிரதிநிதிகள் உளரே எனச் சிலர் சமாதானம் கூறுவர். உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. தேர்தலோ 2025 மே 6இலேயே நடைபெற்றது. ஈராண்டுக்கு மேலாகக் கொழும்பு மாநகரம் தெரிவு செய்யப்பட்ட சபையின்றி ஆளப்பட்டது. சபை இருக்கும்போதும் அதிகாரம் சிதறியே கிடக்கிறது. காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், போக்குவரத்துக் கட்டுப்பாடு பொலிசாரிடமும், நிலையம் புகையிரதத் திணைக்களத்திடமும் உள்ளன. பாதசாரி எவரிடம் முறையிடுவார்?

கேட்கும் மொழியும் முக்கியமானது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இச்சந்திக்கு வரும் தமிழ் பேசும் மக்களுக்குத் திட்டவரைபடம் தமிழில் விளக்கப்படாவிடின், அக்கேட்டல் பாதிக் கேட்டலே.

கலந்தாலோசனை தாமதத்தை விளைவிக்கும் என்பர். உண்மை, சில மாதங்கள் தாமதமாகும். தவறாக அமைந்த சந்தியோ தலைமுறைக்கும் நிலைக்கும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. வரைபடம் மாற்றத்தக்க நிலையில் இருக்கும்போதே மக்களிடம் காட்டப்படல் வேண்டும். அது மும்மொழியிலும், நிலையத்திலும் சந்தையிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் வைக்கப்படல் வேண்டும். பெற்ற கருத்துகளும், ஏற்காதவற்றுக்கான காரணங்களும் வெளியிடப்படல் வேண்டும். இறுதிக் கோரிக்கையே உயிரானது. காரணங் கூறும் கடமையில்லாத அதிகாரம், எத்தனை கூட்டங்கள் கூட்டினாலும், தான் முன்னரே முடிவுசெய்ததையே செய்யும்.