எழுத்தால் ரூபாய்

எக்செல்லுக்குத் தாய்லாந்து மீது அப்படி என்ன பாசமோ தெரியவில்லை. ஒரு கட்டத்தில் 1250 என்று போட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் ‘பாட்-டெக்ஸ்ட்’ என்ற சூத்திரத்தைக் கொடுத்தால் போதும். ஆயிரத்து இருநூற்று ஐம்பது பாட் என்று தாய் மொழியில் (நம் தாய்மொழியில் அல்ல, தாய்லாந்தின் தாய் மொழியில்) எழுதிக் காட்டும். சில்லறை இல்லாத தொகை என்றால், நாம் ‘மட்டும்’ போடுவதுபோல் கடைசியில் அதற்கான சொல்லையும் தானே சேர்த்துக்கொள்ளும். ரூபாய்க்கு அப்படியொரு சூத்திரம் எக்செல்லில் பிறவியிலேயே கிடையாது.

டேலி வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. பில்லின் அடியில் தொகையை அதுவே எழுதிவிடும். எக்செல்லில் ரசீது போடும் சிறு கடைகள், சங்கப் பொருளாளர்கள், திருவிழாக் கமிட்டிகள்தான் ‘எண்ணால்’, ‘எழுத்தால்’ என்ற இரண்டு கோடுகளுக்கும் தாங்களே பொறுப்பு. அவர்களுக்காக மைக்ரோசாப்ட்டே ஒரு நிரலைக் கொடுத்திருக்கிறது. ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தி, திறக்கும் ஜன்னலில் புது மாட்யூல் ஒன்றைச் செருகி, நிரலை ஒட்டினால் ‘ஸ்பெல்நம்பர்’ என்று நமக்கே நமக்கான ஒரு சூத்திரம் தயார்.

ஆனால் அது டாலர் தேசத்து நிரல். பலரும் டாலர் என்ற இடத்தில் ரூபாய் என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். பன்னிரண்டரை லட்சத்துக்கு அது ‘ஒன் மில்லியன் டூ ஹண்ட்ரட் ஃபிப்டி தவுசண்ட்’ என்று எழுதும்போதுதான் விஷயம் புரிகிறது. அந்த நிரல் எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டுகிறது. நம் கணக்கில் கடைசி மூன்றுக்குப் பிறகு இரண்டிரண்டாக வெட்ட வேண்டும். கோடியைத் தாண்டினால் ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அந்த இடத்தில் நிரல் தன்னையே ஒருமுறை கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுத ஆசைப்பட்டால் இன்னொரு படி ஏற வேண்டும். பின்னால் எதுவும் இல்லையென்றால் நூறு, இருந்தால் நூற்று. அதேபோல் ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும், கோடி கோடியே ஆகும். மீதி என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் நிரலால் ஒரு சொல்லைக்கூட எழுத முடியாது. ஒன்பதின் குறும்பு தனி: தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்று ஒவ்வொரு படியிலும் வேறு வேஷம். இருந்தாலும் இந்திக்கு நிரல் எழுதுகிறவரை நினைத்தால் நம் பாடு தேவலை. அங்கே ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொரு எண்ணையும் பட்டியலில் போட்டே ஆக வேண்டும். நமக்கு ஒன்றுகள், பத்துகள், நூறுகள், அவற்றின் தொடர்வடிவங்கள் இருந்தால் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். எக்செல்லின் நிரல் ஜன்னலில் தமிழைத் தட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் விழும் என்பதால், சொற்களைத் தனி ஷீட் ஒன்றில் வைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்வது உத்தமம். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை. நிரலுக்குள்ளேயே தமிழில் எழுதலாம்.

பணம் கைமாறும் இடத்தில் கடிக்கிற பாம்பு பைசாவில் இருக்கிறது. 1,234 ரூபாய் 15 பைசாவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1456.297 வரும். இரண்டு தசமம் காட்டச் சொன்னால் கட்டத்தில் 1,456.30 என்று தெரியும். ஆனால் உள்ளே இருப்பது பழைய எண்தான். மைக்ரோசாப்ட்டின் நிரல் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் கிள்ளி எடுப்பதால், அதற்கு இது 29 பைசா. ஒரே ரசீதில் எண்ணால் முப்பது, எழுத்தால் இருபத்தொன்பது! முதலில் ‘ரவுண்ட்’ போட்டு முழுமையாக்கிய பிறகே எழுதக் கொடுக்க வேண்டும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் தொகையை ‘லாங்’ வகையில் வைத்தால் 214 கோடியைத் தாண்டியதும் அது கையை விரித்துவிடும். ‘இன்டிஜர்’ என்றால் 32,767 ரூபாய்க்கு மேல் மூச்சே விடாது. வேலை முடிந்ததும் கோப்பை மேக்ரோவோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். சாதாரணக் கோப்பாகச் சேமித்தால் நிரல் காணாமல் போய்விடும்.

சரி, தொகையை எதற்காக எழுத்தால் எழுதுகிறோம்? 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: காசோலையிலோ பிராமிசரி நோட்டிலோ எண்ணும் எழுத்தும் மாறுபட்டால், எழுத்தில் உள்ளதே தொகை. நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும் என்பது வேறு விஷயம். எண்ணின் வாலில் ஒரு சைபர் சேர்ப்பது எளிது. ‘ஐயாயிரம் மட்டும்’ என்பதை ஐம்பதாயிரம் ஆக்குவது எளிதல்ல. பிறர் செய்யும் மோசடிக்கு இது பூட்டு. இந்த வேலையைச் சூத்திரமும் ஒழுங்காகச் செய்கிறது.

எழுத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கையால் எழுதுபவர் தொகையை இரண்டாம் முறை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார். 1,500 என்று போட வேண்டிய இடத்தில் 15,000 என்று போட்டிருந்தால், ‘பதினைந்தாயிரம்’ என்று எழுதப்போகும்போது பேனா நின்றுவிட வாய்ப்புண்டு. சூத்திரம் நிற்காது. நாம் தட்டியதையே அழகாக, இலக்கணச் சுத்தமாகத் திருப்பிச் சொல்லும். எண்ணும் எழுத்தும் ஒரே கட்டத்திலிருந்து பிறப்பதால், ‘ரவுண்ட்’ போட்டுவிட்டால் அவை முரண்படவே மாட்டா. முரண்பாடு போய்விட்டது, தப்பு அப்படியே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் இப்போது ஆள் இல்லை.

இதற்காகச் சூத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பஞ்ச் கார்டு காலத்தில் ஒருவர் துளையிட்ட அட்டையை இன்னொருவர் மறுபடி தட்டிச் சரிபார்ப்பார். அதே வழக்கத்தை ரசீதுக்கும் கொண்டுவரலாம். தொகைக்கு இரண்டு கட்டங்கள் வையுங்கள். ஒன்றில் ரசீது போடுபவரும், மற்றொன்றில் பணத்தை எண்ணி வாங்குபவரும் தனித்தனியாகத் தட்டட்டும். இரண்டும் ஒன்றானால் மட்டும் சூத்திரம் எழுதட்டும். இல்லையென்றால் ‘தொகை பொருந்தவில்லை’ என்று சொல்லிவிட்டு நிற்கட்டும். நிரலில் இதற்கு இரண்டு வரி கூடும். ஆள் பலம் இல்லாத இடத்தில், கையெழுத்துப் போடுபவர் எண்ணை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் மூல பில்லோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படித்தாலே போதும். சைபர்களைக் கண் தாவிவிடும். ‘லட்சத்து’ என்ற சொல்லை நாக்கு அவ்வளவு சுலபமாகத் தாவாது.