எது முதலில் வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் மூழ்கிக் கிடப்பதால்தான் பெரியவர்களுக்கு மனச்சோர்வு வருகிறது என்று சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்லிவிட்டது. ஆய்வாளர்களே அவ்வளவு தூரம் போகவில்லை.

2010-இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 16 முதல் 51 வயது வரையுள்ள 1,319 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். இணையத்துக்கு அடிமை என்று வகைப்படுத்தப்பட்டவர்கள், தலை எண்ணினால், வெறும் 18 பேர். அவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆனால் சோர்வு அவர்களை இணையத்துக்குத் தள்ளியதா, இணையம் சோர்வைக் கொடுத்ததா என்பது தெளிவில்லை என்று ஆய்வை நடத்திய கேட்ரியோனா மாரிசனே சொன்னார். (தலைப்புச் செய்திக்கு இது உதவாது, என்ன செய்ய!)

அதற்கும் முன்பு, 1998-இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஆய்வாளர் ராபர்ட் க்ராட் குழுவினர், இணையப் பயன்பாடு கூடக்கூடத் தனிமையும் சோர்வும் சற்றே கூடுவதாகக் கண்டார்கள். அதே மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது. 2002-இல் அதையும் அவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

ஆகவே, நள்ளிரவு தாண்டியும் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரரிடம் முதலில் தூக்கத்தையும் வேலையையும் கடனையும் பற்றி விசாரிக்க வேண்டும். கைபேசியைப் பிடுங்குவது அப்புறம். கட்டுரையோடு டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐயும் அச்சிட்டிருக்கலாம். தமிழிலும் பேசலாம். அடுத்த இதழிலாவது போடுங்கள்.

ஒரு வாசகி,
கும்பகோணம்