பீதி வேண்டாமாம்!

"மக்களிடையே வீண் பீதியைக் கிளப்பக் கூடாது." அரசுப் பணியில் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை கோப்புகளில் படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இதை எழுதும் அதிகாரி மக்களின் பீதியை நினைத்து எழுதியதாக ஒரு கோப்பிலும் நான் கண்டதில்லை. அவருடைய நாற்காலியை நினைத்துத்தான் எழுதுவார்.

இதே வாக்கியத்தைப் போன வாரம் ஒரு டாக்டர் வாயால் கேட்டேன். மாலையில் கடற்கரைச் சாலையில் கூடும் எங்கள் பென்ஷன் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: சரியாகச் சுத்தம் செய்யாத கருவியை வைத்துச் சிகிச்சை செய்தது பிறகு தெரிய வந்தால், அந்த நோயாளிகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா? டாக்டர் சிரித்தார். "முசியே, நூத்துல ரெண்டு பேருக்குக்கூட தொத்து வராது. மத்தவங்க தூக்கத்தை எதுக்குக் கெடுக்கணும்?" அவர் நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனாலும் இதில் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு மிஞ்சிய சொத்து, பாரிஸ் பத்திரிகைகளைப் படிக்கும் பழக்கம். அதனால் எனக்குத் தெரிந்த வழக்கு இது. பாரிஸில் 'கிளினிக் து ஸ்போர்' என்று ஒரு தனியார் மருத்துவமனை. 1988 முதல் 1993 வரை முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு அங்கே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கருவிகளைக் கிருமிநாசினியில் ஊறப்போட்டு எடுத்து, பிறகு குழாய்த் தண்ணீரில் அலசினார்கள். வினை அந்தத் தண்ணீரில் இருந்தது. கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்களுக்குள் மைக்கோபாக்டீரியம் செனோப்பி என்ற கிருமி குடியிருந்தது. (முதன்முதலில் ஒருவகைத் தவளையிடம் கண்டதால் அந்தப் பெயர்.) காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. குடிக்கிற தண்ணீரில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. முதுகெலும்புக்குள் போய்விட்டாலோ, அவசரமில்லாமல் உட்கார்ந்து அரிக்கும்.

1993-இல் முதல் நோயாளிகள் தெரிய வந்தார்கள். மருத்துவமனை தன் சுத்த முறைகளைத் திருத்திக்கொண்டது. சரி. அதற்கு முன்பே அறுவைச் சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்கள்? அவர்கள் எல்லோரையும் தேடிப்பிடித்துச் சொல்லும் வேலை 1997-இல்தான் நடந்தது, அதுவும் அரசு தலையிட்ட பிறகு. நடுவில் நான்கு வருடம். முதுகுவலிக்காரர் ஆபரேஷனுக்குப் பிறகும் வலிக்கிறது என்று போனால் வைத்தியர் என்ன சொல்வார்? "சிலருக்கு அப்படித்தான் இருக்கும், வயசாகுதில்ல" என்பார். அவர்மேல் குற்றமில்லை. தேட வேண்டிய கிருமியின் பெயரை அவரிடமும் யாரும் சொல்லவில்லையே.

இப்போது டாக்டர் நண்பரின் கணக்குக்கு வருகிறேன். அந்தக் கருவிகளுக்கு ஆளானவர்கள் 3,244 பேர். தொற்று உறுதியானவர்கள் 58 பேர். நூற்றுக்கு 1.8. டாக்டர் வாய்க்கணக்காகச் சொன்னது கிட்டத்தட்ட அதேதான்! ஆனால் அந்த 58 பேரில் 26 பேர், கடிதம் போட்டு அழைத்துச் சோதித்ததால்தான் அகப்பட்டார்கள். அவர்களுக்கு நோய் தெரிய வரச் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பீதி வேண்டாம் என்று அந்தக் கடிதத்தை அனுப்பாமல் விட்டிருந்தால் இந்த 26 பேர் இன்னும் எத்தனை வருடம் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்திருப்பார்கள்? மற்றவர்களின் தூக்கத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். ஸ்கேன் எடுத்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு தாள் கையில் வந்தால் தூக்கம் தானாக வரும். 2,454 பேர் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டார்கள். அழைத்தால் ஜனங்கள் வருவார்கள்.

"பழைய முகவரியை எங்கே போய்த் தேடுவது?" என்பது அடுத்த சாக்கு. தபால் பிரிவில் காலம் தள்ளியவனிடம் இதைச் சொல்லக் கூடாது. பாரிஸில் 3,244 பேரில் 2,971 பேருக்குச் செய்தியைச் சேர்த்தார்கள், அதுவும் பல வருடம் கழித்து. விட்டுப்போனவர்கள் 273 பேர். 'வீடு மாறிவிட்டார்' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வரும் உறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் கோப்பில் கட்டிவைக்கும் எழுத்தரும் உண்டு, ரேஷன் கடையில் விசாரித்துப் புது முகவரி வாங்கி வரும் எழுத்தரும் உண்டு. இன்றைக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தால் போதும், தீபாவளிக்கு, பொங்கலுக்கு, அப்பாக்கள் தினத்துக்கு 'முழு உடல் பரிசோதனைச் சலுகை' என்று கைபேசிக்குச் செய்தி வருகிறதல்லவா? சலுகை சொல்ல எண் கிடைக்கிறது. ஆபத்தைச் சொல்ல மட்டும் கிடைக்காதா?

பாதிக்கப்பட்டவர்கள் 1998-இல் 'லெ லியான்' என்று ஒரு சங்கம் கண்டார்கள். 2002 மார்ச் 4-இல், குஷ்னேர் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த நோயாளிகள் உரிமைச் சட்டம், சிகிச்சை முடிந்த பிறகு புதிய ஆபத்து ஏதும் தெரிய வந்தாலும் நோயாளிக்கு அறிவித்தாக வேண்டும் என்கிறது, ஆளைக் கண்டுபிடிக்க இயலாதபோது தவிர. அந்தத் 'தவிர' மீதுதான் எனக்குச் சந்தேகம். இயலவில்லை என்று யார் சான்று தருவது? எத்தனை முறை தேடியபின்? வழக்கு பாரிஸ் குற்றவியல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர 2009 ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிரான்சில் எல்லாம் சொர்க்கம் என்று நான் எழுதுவதாக நினைக்காதீர்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? "சிறு நடைமுறைக் குறைபாடு காரணமாக" என்று தொடங்கினால் கிழித்துப் போடலாம். எந்தத் தேதியில் செய்த சிகிச்சை, எந்தக் கருவி, அதில் என்ன தவறு, நூற்றில் எத்தனை பேருக்கு வரக்கூடும், எங்கே இலவசமாகச் சோதிப்பார்கள், எந்த எண்ணில் யாரிடம் பேசலாம் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், நம் வயதுக்காரர்கள் கண்ணாடி தேடாமல் படிக்கும்படி இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கடிதத்தின் கடைசியில் மூன்று வரிக்கு மரியாதை வணக்கம் எழுதுவார்கள். அது வேண்டுமானால் இருக்கட்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கடிதமும் போதாது, ஆள் போய்ச் சொல்ல வேண்டும்.

நம்மில் எண்டோஸ்கோபி செய்துகொள்ளாதவர் குறைவு. அந்தக் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அடுத்த முறை போகும்போது அதைக் கேட்டு, டிஸ்சார்ஜ் தாளின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். எதற்கு என்று கேட்டால், நாளைக்கு நீங்கள் கடிதம் போட வேண்டி வந்தால் தேடுவதற்குச் சுலபமாக இருக்கும் என்று சொல்லுங்கள்.