டி-டைமர் அதிகமா இருந்தா மாரடைப்பு வருமா? புற்றுநோயாளிகளின் ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து வரும் ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் 'டி-டைமர்' என்ற வரியில் இருக்கும் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் உடனே கூகுளில் தேடுகிறார்கள். "ரத்தம் கட்டிக்குமாம், ஹார்ட் அட்டாக் வருமாம்" என்று பதற்றம் தொற்றிக்கொள்கிறது.

அதே எண் நார்மல் என்று வந்துவிட்டால், "அப்பாடா, இனிமே பயமில்ல" என்று நிம்மதி.

இந்தப் பயம், இந்த நிம்மதி இரண்டுமே பாதிதான் சரி. காரணம், உடலில் ரத்தம் உறைவது இரண்டு வகையான குழாய்களில் நடக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் உள்ள எண் பெரும்பாலும் ஒரு வகையைப் பற்றித்தான் பேசுகிறது.

*சிரை வேறு, தமனி வேறு*

உடலில் இருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. இதயத்தில் இருந்து உறுப்புகளுக்கு ரத்தத்தை எடுத்துச் செல்வது தமனி.

சிரையில் ரத்தம் உறைந்தால் கால் வீங்கும். அந்தக் கட்டி பிய்ந்து போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூசோ 1865-லேயே விளக்கிவிட்டார். அதனால் இதில் ஆராய்ச்சிகள் ஏராளம்.

தமனியில் உறைந்தால் கதை வேறு. இதயத் தமனி அடைத்தால் மாரடைப்பு. மூளைத் தமனி அடைத்தால் பக்கவாதம். கை, கால் தமனி அடைத்தால் அந்த உறுப்பையே இழக்க நேரிடலாம். புற்றுநோயாளிகளுக்கு இந்த ஆபத்து எவ்வளவு என்பதைப் பெரிய அளவில் கணக்கெடுக்கத் தொடங்கியது சமீப ஆண்டுகளில்தான்.

*ஆபத்து எவ்வளவு?*

அமெரிக்காவில் 66 வயதுக்கு மேற்பட்ட புற்றுநோயாளிகள் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேரை, புற்றுநோய் இல்லாத அதே எண்ணிக்கையிலான நபர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. புற்றுநோய் கண்டறியப்பட்ட முதல் 6 மாதங்களில் 4.7 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தது. புற்றுநோய் இல்லாதவர்களில் இது 2.2 சதவீதம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஓராண்டுக்குள் இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது.

ஆஸ்திரியாவின் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகம் 2003-ல் இருந்து புற்றுநோயாளிகளின் ரத்த உறைவைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அதில் 1,880 பேரின் விவரங்கள் 2018-ல் வெளியாகின. சுமார் இரண்டு ஆண்டு கண்காணிப்பில் 48 பேருக்குத் தமனியில் ரத்தம் உறைந்திருந்தது. 20 பேருக்கு மாரடைப்பு, 16 பேருக்குப் பக்கவாதம், 12 பேருக்கு கை, கால் போன்ற பகுதிகளின் தமனியில் அடைப்பு.

100 பேரில் இரண்டு, மூன்று பேர் என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் அப்படி அடைப்பு வந்தவர்கள் உயிரிழக்கும் ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 3 மடங்கு அதிகமாக இருந்தது. அதனால்தான் யாருக்கு வரும் என்பதை ரத்தத்தை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்ற தேடல்.

*புற்றுநோய் இருந்தால் ரத்தம் ஏன் உறைகிறது?*

பல புற்றுநோய் செல்கள், ரத்தம் உறைவதைத் தொடங்கி வைக்கும் புரதங்களைத் தாங்களே வெளியிடுகின்றன. காயமே இல்லாத இடத்திலும் "அடைக்கணும்" என்ற உத்தரவு ரத்தத்துக்குப் போகிறது. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் தூண்டப்படுகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமிகளைப் பிடிக்க வீசும் வலை போன்ற இழைகளை வெளியிடுகிறது. அந்த வலையிலும் ரத்தம் சிக்கி உறையும்.

சில மருந்துகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. பெவசிஸுமாப் என்ற மருந்தின் 5 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கீமோவோடு அதையும் எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத் தமனி அடைப்பு வந்தது. கீமோ மட்டும் எடுத்தவர்களில் 1.7 சதவீதம். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் பொனாடினிப் மருந்தின் விற்பனை, இதே ரத்த உறைவுப் பிரச்னையால் 2013 அக்டோபரில் அமெரிக்காவில் சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது.

*அப்போ டி-டைமர் என்ன சொல்லுது?*

உறைந்த ரத்தத்தைக் கட்டிப்போட்டிருக்கும் நார் போன்ற புரதம் ஃபைப்ரின். உடல் அதைக் கரைக்கும்போது உதிரும் துண்டுதான் டி-டைமர். ரத்தத்தில் இது அதிகம் இருந்தால், "உடம்புல எங்கேயோ ரத்தம் உறையுது, கரையுது" என்று மட்டும்தான் அர்த்தம். எங்கே, ஏன் என்று அது சொல்லாது.

காய்ச்சல், கிருமித்தொற்று, அறுவை சிகிச்சை, கர்ப்பம், வயது என எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். புற்றுநோய் இருந்தாலே ஏறும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டி-டைமரை ஆய்வகங்கள் இரண்டு விதமான அலகுகளில் எழுதுகின்றன. ஒரே ரத்தம் ஒரு அலகில் 250 என்றும், இன்னொன்றில் சுமார் 500 என்றும் வரலாம். அலகைப் பார்க்காமல் "போன வாரத்தைவிட டபுளா ஏறிடுச்சு" என்று பயப்படுவதில் பொருள் இல்லை.

*கீமோவுக்கு முன் போடும் கணக்கு எதற்கு?*

கீமோ தொடங்கும் முன் பல மருத்துவர்கள் 'கொரானா ஸ்கோர்' என்ற கணக்கைப் போடுவார்கள். 2008-ல் வெளியான இந்த முறையில் புற்றுநோய் எந்த உறுப்பில், பிளேட்லெட் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், உடல் பருமன் என 5 விஷயங்களுக்கு மதிப்பெண். இது உருவாக்கப்பட்டதே சிரையில் வரும் உறைவைக் கணிக்கத்தான். இதில் மதிப்பெண் குறைவு என்பதை வைத்து மாரடைப்பு வராது என்று சொல்ல முடியாது.

*பக்கவாதம் வந்தவர்களுக்கு டி-டைமர் அதிகமா இருக்கே?*

இருக்கிறது. நியூயார்க்கில் நடந்த ஒரு ஆய்வில், புற்றுநோயும் பக்கவாதமும் உள்ளவர்கள், பக்கவாதம் மட்டும் உள்ளவர்கள், புற்றுநோய் மட்டும் உள்ளவர்கள் என தலா 50 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்திருந்தவர்களின் ரத்தத்தில், பக்கவாதம் மட்டும் வந்தவர்களைவிட, ரத்த உறைவு, பிளேட்லெட் தூண்டல், குழாய்ச் சுவர் பாதிப்பு ஆகியவற்றைக் காட்டும் குறியீடுகள் கூடுதலாக இருந்தன.

காரணமே தெரியாத பக்கவாதம், மூளையில் ஒரே நேரத்தில் பல இடங்களில் அடைப்பு, கூடவே மிக அதிக டி-டைமர் என்றால், மறைந்திருக்கும் புற்றுநோயை மருத்துவர்கள் சந்தேகிப்பதும் உண்டு.

ஆனால் இதெல்லாம் பக்கவாதம் வந்த பிறகு எடுத்த ரத்தம். புகை வந்த பிறகு தீ எங்கே என்று தேட இது உதவும். யாருக்கு வரப்போகிறது என்று ஆறு மாதம் முன்பே சொல்வது வேறு வேலை. சிரை உறைவைக் கணிப்பதில் டி-டைமருக்கு நல்ல இடம் இருக்கிறது. தமனி அடைப்பைக் கணிக்க அப்படி உறுதிசெய்யப்பட்ட ஒற்றை ரத்தக் குறியீடு இன்னும் கிடைக்கவில்லை.

*பின்னே எது கணித்தது?*

வியன்னா ஆய்வில் தமனி அடைப்போடு தொடர்புடையதாகத் தெரிந்தவை இவை: ஆணாக இருப்பது, வயது, உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நுரையீரல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய். இந்தப் பட்டியலில் டி-டைமர் இல்லை.

பாலினத்தையோ வயதையோ நாம் மாற்ற முடியாது. பி.பி.யையும் புகையையும் மாற்றலாம். ஆனால் பல வீடுகளில் புற்றுநோய் என்று தெரிந்த நாளில் இருந்து பி.பி. மாத்திரை ஓரமாகப் போய்விடுகிறது. "இவ்வளவு பெரிய வியாதி வந்திருக்கு, இனிமே பீடியை விட்டு என்ன ஆகப்போகுது" என்ற பேச்சும் வரும். ஆபத்து அதிகம் இருக்கும் முதல் சில மாதங்களில்தான் இந்த அலட்சியம் நடக்கிறது.

ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும், புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் முன்பே இதயம் சார்ந்த ஆபத்துகளைக் கணக்கிடச் சொல்கிறது. இதயத்துக்குப் பாதிப்பு தரக்கூடிய மருந்து என்றால், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளும் அதில் உண்டு.

*ஆஸ்பிரின் போட்டுக்கலாமா?*

மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். கீமோவால் பல நேரம் பிளேட்லெட் குறையும். அப்போது ஆஸ்பிரின் எடுத்தால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு ஏற்படலாம். அதேபோல, இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. இரண்டையும் புற்றுநோய் மருத்துவர், இதய மருத்துவர் இருவருக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

*வீட்டில் கவனிக்க வேண்டியது*

கீமோ எடுப்பவர்களிடம் வரும் எல்லா அறிகுறியையும் "கீமோ அசதிதான், தூங்கினா சரியாகிடும்" என்று விட்டுவிடும் பழக்கம்தான் பெரிய சிக்கல். அசதி மெல்ல மெல்ல வரும். தமனி அடைப்பு பெரும்பாலும் திடீரென வரும்.

- வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழப்பது, பேச்சு குழறுவது
- நெஞ்சில் அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத்திணறல்
- ஒரு கால் அல்லது கை மட்டும் திடீரென வலித்து, வெளிறி, சில்லிட்டுப் போவது

இதில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஊசி போட முடியாத நிலையில் உள்ள சிலருக்கு, குழாய் வழியாகக் கட்டியை அகற்றவும் வழி உண்டு. மருத்துவமனைக்குப் போனதும் என்ன புற்றுநோய், கடைசி கீமோ எப்போது, என்ன மருந்து என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பார்க்கும்போது, "டி-டைமர் ஏன் அதிகம்?" என்ற கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: "இவருக்குத் தர்ற மருந்துல மாரடைப்பு, பக்கவாத ஆபத்து இருக்கா? பி.பி., சுகர், கொழுப்பு எந்த அளவுல இருக்கணும்?"