ஓட்டை இருக்கட்டும்

"எந்த டெப்த் கேமரா பெஸ்ட், ப்ரோ?" கணினிப் பார்வையில் ஏதாவது செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. தூரத்தை அளக்கும் எல்லாக் கருவியும் எங்கோ ஓரிடத்தில் தப்பாகச் சொல்லும். அது எங்கே, அந்தத் தப்பு நமக்குத் தெரியவருமா என்றுதான் கேட்க வேண்டும்.

பார்வையற்றோருக்கான 'ஸ்மார்ட்' கைத்தடியை எடுத்துக்கொள்வோம். நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக அலுக்காமல் செய்யப்படுவது. எதிரே கண்ணாடிக் கதவு. என்ன சொல்லும் உங்கள் தடி?

ஸ்டீரியோ என்றால் இரண்டு கேமரா. ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் எவ்வளவு விலகி விழுகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் எதை எதோடு பொருத்துவது என்று தெரியாமல் முழிக்கும். தூரம் இரு மடங்கானால் பிழை நான்கு மடங்கு. 2010இல் வந்த கினெக்ட், அகச்சிவப்புப் புள்ளிகளைக் கோலம் போல வீசி, அவை எங்கே நகர்ந்து விழுகின்றன என்று பார்த்தது. வீட்டுக்குள் அருமை. மதிய வெயிலில் சூரியனே அந்தக் கோலத்தை அழித்துவிடும். 2013இல் வந்த அடுத்த கினெக்ட், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. ஓடுகிறது, அளக்கும் நேரம் அவ்வளவு நுண்ணியது. அறை மூலையில் ஒளி சுவருக்குச் சுவர் பட்டுச் சுற்றி வந்தால் தூரம் கூடிப்போகும். லைடாரின் ஒளியோ பல சமயம் கண்ணாடியைக் கடந்துபோய்ப் பின்னாலிருக்கும் சுவரின் தூரத்தைச் சொல்லும்.

இதற்கெல்லாம் மாற்று என்று இப்போது கொண்டாடப்படுவது ஒற்றைக் கேமராவும் ஒரு நியூரல் நெட்வொர்க்கும். பார்க்க அழகோ அழகு. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு விடை இருக்கும். ஆனால் மைடாஸ் போன்ற மாதிரிகள் தருவது எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையை மட்டும்தான். எத்தனை மீட்டர் என்று அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

என் சண்டை இங்கேதான். ஸ்டீரியோ கேமரா தரும் படத்தில் கருப்பு ஓட்டைகள் இருக்கும். "இங்கே எனக்குத் தெரியவில்லை" என்பது அதற்கு அர்த்தம். நாம் என்ன செய்கிறோம்? ஓட்டையை அடைக்க ஒரு ஃபில்டர் போட்டு, வழவழவென்று ஆக்கி, டெமோ வீடியோ எடுக்கிறோம். யாருக்காக? நிச்சயமாகத் தடியைப் பிடித்து நடக்கப்போகிறவருக்காக இல்லை. அவருக்கு அந்த ஓட்டைதான் எச்சரிக்கை.

"மனுஷனுக்கு ரெண்டு கண்ணு போதுமே, கேமரா போதாதா?" என்பார்கள். 2021இல் டெஸ்லா ரேடாரைக் கழற்றத் தொடங்கியதும் ஏறக்குறைய இந்த நம்பிக்கையில்தான். வேமோ கேமரா, ரேடார், லைடார் மூன்றையும் வைத்திருக்கிறது. மனிதக் கண்ணும் தனியாக வேலை செய்வதில்லை. சந்தேகம் வந்தால் தலையைச் சாய்க்கிறோம், நடையைக் குறைக்கிறோம், கை நீட்டித் தொட்டுப் பார்க்கிறோம். அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் காப்பியடித்தால் எப்படி?

கண்ணாடிக் கதவுக்கு வருவோம். நேராக நின்றால் அதைப் பிடிப்பது மலிவான அல்ட்ராசோனிக் சென்சார்; ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடும். சாய்ந்த பரப்பில் அதுவும் ஏமாறும். அதனால் ஒன்று தவறும் இடத்தில் தவறாத இன்னொன்றைச் சேருங்கள். இரண்டும் முரண்பட்டால் தடி அதிரட்டும், அவர் நிற்கட்டும்.

சாதாரண வெள்ளைக் கைத்தடியின் வீச்சு ஒரு மீட்டர் சொச்சம்தான். கண்ணாடியில் பட்டால் 'டக்' என்று சொல்லிவிடும். அதைவிட அதிகமாகப் பொய் சொல்லும் ஒன்றுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர் வைக்க நமக்கு உரிமையில்லை.