கடன்பட்டவனுக்குக் கதவடைப்பா?

ஆலைத் தொழிலாளியை வெளியே நிறுத்தி, வாயிலுக்குப் பூட்டுப் போடுவதற்குக் கதவடைப்பு என்று பெயர். அதை நாம் கண்டிருக்கிறோம். எதிர்த்து நின்றும் இருக்கிறோம். இப்போது வேறொரு கதவடைப்பு வந்திருக்கிறது. இதிலே பூட்டும் கண்ணுக்குத் தெரியாது, சாவியும் கண்ணுக்குத் தெரியாது. வேலை கேட்டு வந்த இளைஞன் வாசற்படியில் கால் வைப்பதற்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது. ஏன் என்று கேட்டால், உன் கடன் வரலாறு சரியில்லை என்கிறார்கள்!

படிப்பிலே குறையா? இல்லை. தேர்விலே தோல்வியா? இல்லை. களவாடினானா, கையாடினானா, காவல் நிலையத்து ஏட்டிலே பெயர் உண்டா? எதுவும் இல்லை. எப்போதோ வாங்கிய கடனுக்கு எப்போதோ தவணை தவறியது. அதற்குத் தண்டனை, வயிற்றில் அடி!

கற்பனை அல்ல, தோழர்களே! சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்த வழக்கு இது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பதவிக்கு ஓர் இளைஞர் விண்ணப்பித்தார். எல்லாக் கட்டங்களையும் கடந்தார். 2021-ல் நியமன உத்தரவும் கைக்கு வந்தது. பிறகு சிபில் அறிக்கையைக் காட்டி, முன்பு கடன் தவணை தவறியவர் என்று சொல்லி, வங்கி அந்த உத்தரவை ரத்து செய்தது. விளம்பரம் வந்த நாளிலே தமக்குப் பாக்கி ஏதும் இல்லை, எல்லாக் கடனையும் அடைத்துவிட்டேன் என்று வாதாடினார் அவர். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கம் வேண்டும் என்று கூறி, வங்கி செய்தது சரியே என்றது நீதிமன்றம்.

நிபந்தனை விளம்பரத்திலேயே அச்சாகி இருந்தது. நிபந்தனை இருக்கிறவரை நீதிமன்றம் வேறென்ன செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். நாம் நீதிமன்றத்தோடு வாதாட வரவில்லை. அந்த நிபந்தனையோடு வாதாட வருகிறோம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பும், பணியில் சேரும்போது நல்ல கடன் வரலாறு வேண்டும் என்று தன் அறிவிப்புகளில் எழுதியிருக்கிறது. ஆகவே இது ஒரு வங்கியின் விவகாரம் அல்ல. ஒரு தலைமுறையின் விவகாரம்.

சிபில் என்பது என்ன? 300-லிருந்து 900 வரை போடப்படும் ஒரு மதிப்பெண். எவ்வளவு கடன், எந்தத் தேதியில் தவணை, எத்தனை நாள் தாமதம் என்பதெல்லாம் அறிக்கையிலே உண்டு. ஏன் தாமதம் என்பது மட்டும் இல்லை! தகப்பன் படுக்கையில் விழுந்தானா, ஆலை மூடப்பட்டதா, வெள்ளத்திலே வீடு போனதா? அந்த ஏட்டுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அதற்கு ஆசையில்லை.

கல்விக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தால் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா இல்லையா என்று தவணை விசாரிப்பதில்லை. வட்டியோ படிக்கிற காலத்திலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது. தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன் என்ற முத்திரை விழும். கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்திட்ட தகப்பனார் பெயரிலும் அதே கறை! கடனை அடைக்க வேலை வேண்டும். வேலை கிடைக்கக் கடன் கறை இருக்கக் கூடாது! படி என்று சொல்லிக் கடன் கொடுத்ததும் வங்கி. படித்து வந்தவனைப் பார்த்து நீ கடன்காரன், போ என்பதும் வங்கி. என்னே விந்தை!

கடன் வாங்கிப் படிப்பவன் யார்? தோட்டமும் துரவும் உள்ளவன் வீட்டுப் பிள்ளை தகப்பன் பணத்தில் படிக்கிறான். அவனுக்குத் தவணையும் இல்லை, தவறுவதும் இல்லை. கூலிக்காரன் மகன், நெசவாளி மகள், கைவண்டி இழுப்பவன் வீட்டுப் பிள்ளை, இவர்கள்தான் கடன் மனுவில் கையெழுத்துப் போடுகிறார்கள். இடஒதுக்கீட்டால் முன் வாசல் திறந்தது. சிபிலைக் காட்டி அந்த வாசலிலேயே குறுக்குக் கம்பி கட்டுகிறார்கள். தகப்பனுடைய செல்வத்தை அளந்துவிட்டு, அதைப் பிள்ளையின் நாணயம் என்று எழுதுகிறார்கள். பையிலே நாணயம் இல்லாதவன் நெஞ்சிலும் நாணயம் இல்லாதவன் என்று எவர் கண்டுபிடித்தது?

எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் உண்மை! சிபிலை 2000-ல் தொடங்கியவை இங்குள்ள நிதி நிறுவனங்கள். இப்போது அதை ஆள்வது டிரான்ஸ்யூனியன் என்ற அமெரிக்க நிறுவனம். அந்த டிரான்ஸ்யூனியனின் அதிகாரி ஒருவர் 2010-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். கடன் அறிக்கைக்கும் வேலைத் திறமைக்கும், கடன் அறிக்கைக்கும் மோசடிக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். தராசு விற்பவனே இதில் நேர்மையை நிறுக்க முடியாது என்று சொன்ன பிறகும், நிறுத்துத்தான் தீருவேன் என்கிறார்கள் வாங்கியவர்கள்!

தராசாவது சரியானதா? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2013-ல் வெளியிட்ட ஆய்விலே, ஐந்து பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் அறிக்கையிலாவது பிழை இருந்தது தெரிந்தது. அங்கேயும் மக்கள் கொதித்தார்கள். ஓரிகான் 2010-லும், கலிபோர்னியா அதற்கடுத்த ஆண்டிலும் சட்டம் செய்தன. நியூயார்க் நகரம் 2015-ல் இன்னும் கடுமையாகச் செய்தது. சில பதவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் கடன் ஏட்டைப் பார்த்து ஆள் எடுக்காதே என்பதே அங்கே பொது விதி. முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே முடிந்த காரியம் இங்கே முடியாதா?

வங்கியில் பணம் புழங்குகிறதே, கடன்காரனை எப்படி நம்புவது என்பார்கள். கேள்வியைத் தள்ளிவிட மாட்டோம். பணத்தைக் காக்க வேண்டும். அது நம் மக்கள் சேமித்த பணம். ஆனால் அதைக் காப்பது எது? பெட்டகத்துக்கு இரண்டு பேரிடம் சாவி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் முறை. தணிக்கை. கண்காணிப்புப் பிரிவு. காவல்துறை விசாரணை. இத்தனை காவலுக்கும் மேலே, ஏழையின் பழைய தவணைச் சீட்டு எந்தக் கோட்டைக்கு மதில்?

மேலே உள்ளவர்களுக்கு என்ன நீதி என்றும் பார்ப்போம். 2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு இது. நீக்கம் என்றால் தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்கிறார்கள், நல்லது, தொடரட்டும். ஆனால் 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி இன்னொன்றும் சொன்னது. திருப்பித் தர வசதி இருந்தும் வேண்டுமென்றே தராதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் வங்கிகள் சமரசம் பேசிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது. கோடிகளை விழுங்கியவனுக்குச் சமரச நாற்காலி. வாங்கியதை அடைத்துவிட்டேன் என்றவனுக்கு நியமன ரத்து! இதுதானா நிதி ஒழுக்கம்?

நாம் கேட்பது சலுகை அல்ல, சட்டம். கடன் வரலாற்றைக் காரணம் காட்டி எவருக்கும் வேலையை மறுக்கக் கூடாது. அரசானாலும் தனியாரானாலும் இதுவே விதியாக வேண்டும். விலக்குத் தேவைப்படும் பதவிகள் உண்டென்றால், அவை எவை என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதட்டும். அந்தப் பதவிகளிலும் அடைத்து முடித்த கடன், கல்விக் கடன், மருத்துவக் கடன் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மறுப்பதற்கு முன் அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்து, விளக்கம் கேட்க வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பிழையைச் சுட்டிக்காட்டி முறையிட்டு, முப்பது நாளில் தீர்க்கப்படாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. கிளைக்கழகத் தோழர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் வேலை தேடும் இளைஞர்களை உட்கார வைத்து, மனு எழுதிக் கொடுக்கட்டும். படிப்பகங்களிலே இந்தப் பணி நடக்கட்டும்.

இன்று வங்கி வாசலில் நிற்கும் பூட்டு, நாளை கிடங்குக் காவலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் வராது என்று யார் உறுதி கூறுவார்? கடன் பட்டது குற்றமல்ல. உழைத்து அடைக்க வருகிறோம் என்பவனைத் தடுப்பதே குற்றம். வேலையைக் கொடு, கடன் தானே அடையும்! இதை ஆளவந்தார் செவியில் விழும்வரை உரக்கச் சொல்வோம்.