சயான் ஆஸ்பத்திரியில் யார் வெளியாள்?

மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கூட்டம் தாங்கவில்லையாம். காரணம் என்ன தெரியுமா? வெளியூர்க்காரர்களாம்! மும்பைவாசிக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரனுக்குக் கூடுதல் கட்டணம் என்று வைத்தால் நெரிசல் குறைந்துவிடும் என்று சில ஆண்டுகளாகவே பேச்சு அடிபடுகிறது. பத்திரிகைகளும் இதை ஏதோ நியாயமான யோசனை போல எழுதுகின்றன. நம்மவர்களிலேயே, மாட்டுங்காவில் சொந்த வீட்டோடு இருக்கும் சில பெரியவர்கள், "அதுவும் சரிதானே" என்று தலையாட்டுவதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

பெரியவர்களை ஒன்று கேட்கிறோம். தாங்கள் எந்தத் தேதியிலிருந்து உள்ளூர்க்காரர் ஆனீர்கள்? 1966க்குப் பிறகு இந்த நகரத்தில் லுங்கிக்காரன் என்று நம்மை ஏசியவர்கள், மாட்டுங்கா வேட்டி வேறு, தாராவி லுங்கி வேறு என்று பிரித்துப் பார்த்தா ஏசினார்கள்?

சயான் ஆஸ்பத்திரியின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். லோக்மான்ய திலகர் பெயர் பலகையில்தான் இருக்கிறது. நமக்கு அது என்றும் சயான் ஆஸ்பத்திரிதான். 1947ல், பழைய ராணுவக் கொட்டகைகளில், 50 படுக்கைகளோடு அது தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் பக்கத்துக் கோலிவாடாவில், அதே மாதிரி ராணுவக் கொட்டகைகளில், பிரிவினையில் எல்லாம் இழந்து வந்த அகதிகள் குடியேறினார்கள். மறுபக்கம் தாராவி. அங்கே நம் திருநெல்வேலிச் சீமை மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தோல் பதனிட்டு வந்தார்கள். ஒருபுறம் அகதி, மறுபுறம் தோல் தொழிலாளி. உள்ளூர்க்காரன் மட்டும் வரட்டும் என்று அன்று வாசலில் ஆள் நிறுத்தியிருந்தால் அந்த 50 கட்டிலும் காலியாகவே கிடந்திருக்கும்!

1964ல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று படுக்கைகள் 1,400க்கு மேல். தாராவிக்குள்ளேயே அதன் கிளையாக ஒரு சுகாதார நிலையம் நடக்கிறது. சின்ன சயான் என்றால் நம் குழந்தைகளுக்கும் தெரியும். குர்லாவுக்கும் தாதருக்கும் இடையில் வண்டியிலிருந்து விழுந்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டால் போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் அதுதான். ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்குப் பைகுல்லாவில் தனி ஆஸ்பத்திரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கள் ரயிலில் அடிபடுகிறவனுக்கு சயான்தான்.

1989ல் அங்கே தாய்ப்பால் வங்கி திறந்தார்கள். ஆசியாவிலேயே முதலாவது. டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முன்னின்று செய்த காரியம். பால் மிகுந்த தாய்மார்கள் கொடுப்பதைப் பதப்படுத்தி, குறைமாதத்தில் பிறந்து பால் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளுக்குப் புகட்டுகிறார்கள். கொடுத்தவள் மராட்டியப் பெண்ணா, தமிழச்சியா, பீகார்க்காரியா என்று குடிக்கிற குழந்தைக்குத் தெரியுமா? நாளை அந்த வங்கியிலும் இரண்டு விதக் கட்டணப் பலகை மாட்டுவார்களோ?

பரேல் கே.இ.எம். கதையையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தகுதி இருந்தும் இந்திய டாக்டர்களுக்குப் பெரிய பதவிகள் மறுக்கப்பட்டன. சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் பெயரால் கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர்கள், இங்கே இந்தியர்களே டாக்டர்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 1926ல் கதவு திறந்தது. டாக்டருக்குத்தான் நிபந்தனை, நோயாளி எந்த ஊர் என்று நிபந்தனை போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

"எங்கள் வரிப்பணம்" என்கிறார்கள். யாருடைய வரிப்பணம்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநகராட்சியின் பெரிய வருமானம் ஆக்ட்ராய். நகரத்துக்குள் வந்த சோப்புக்கும் துணிக்கும் அந்த வரி விழுந்தது, கடைக்காரன் அதை விலையில் ஏற்றினான், வாங்கியவன் கட்டினான். கூலிக்காரன் கட்டவில்லையா? இட்லிக்கூடை சுமந்து விற்றவன் கட்டவில்லையா? மாநகராட்சியின் 2025–26 பட்ஜெட் 74,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் சுகாதாரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. வங்கிகளில் வைப்பு நிதியாகவே 80,000 கோடிக்கு மேல் கிடந்ததாகக் கணக்கு. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு, வார்டில் தரையில் படுத்திருப்பவனைப் பார்த்து நீதான் நெரிசலுக்குக் காரணம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நெரிசல் இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2020 மே மாதம் சயான் வார்டில் நோயாளிகளின் பக்கத்திலேயே பிணங்கள் கிடந்த வீடியோவை நாடே பார்த்தது. அன்று அந்த வார்டில் தாராவிக்காரனுக்கு மருந்து கொடுத்த நர்சும் டாக்டரும் ஓடிப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேட்டையில் உள்ள டிஸ்பென்சரி நாள் முழுதும் திறந்திருந்து, காலி இடங்களில் ஆள் போட்டு, கல்யாணிலும் பன்வேலிலும் உருப்படியான பொது ஆஸ்பத்திரி இருந்தால், காய்ச்சலுக்கெல்லாம் எவன் ரயிலேறி சயானுக்கு வருவான்? அதைச் செய்யாமல் 2025ல் என்ன செய்தார்கள்? கோவண்டி, மான்கூர்ட் பக்கத்து ஆஸ்பத்திரிகளைத் தனியார் கூட்டு என்ற பெயரில் நடத்த டெண்டர் கூப்பிட்டார்கள்!

இந்தக் கட்டணம் வந்தால் யார் தலையில் விடியும்? வாடகை தாங்காமல் அம்பர்நாத்துக்கும் கல்யாணுக்கும் போன குடும்பங்கள் எத்தனை! தாராவியைப் புதிதாகக் கட்டுகிறார்கள்; 2000 ஜனவரிக்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் காட்ட முடியாதவனுக்கு அங்கே இலவச வீடு கிடையாது. அவன் எங்கே போவானோ தெரியாது. மூன்று தலைமுறையாக சயானில் பிள்ளை பெற்ற குடும்பம், எல்லை தாண்டிய மறுநாளே அங்கே வெளியாள்! ஆதாரில் இன்னும் திருநெல்வேலி விலாசம் வைத்திருக்கும் பையன்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். நாங்கள் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் ஊர் கேட்பதுண்டு. போகிற ஊரைத்தான் கேட்போம், பிறந்த ஊரை அல்ல.

நம் மீதும் ஒரு குறை உண்டு, தாய்மார்களே. கவுண்டரில் விலாசம் கேட்டுத் திருப்பி அனுப்பினால், வீட்டில் வந்து புலம்புகிறோம். கந்துவட்டிக்கு வாங்கித் தனியார் நர்சிங் ஹோமுக்கு ஓடுகிறோம். திருப்பி அனுப்பியதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது எழுதிக் கேட்கிறோமா?

இனி அப்படி வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, விலாசத்தைக் காட்டி மறுத்தாலோ கூடுதல் பணம் கேட்டாலோ தேதி, நேரம், கவுண்டர் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் பேப்பரையும் ரசீதையும் எறியாதீர்கள். ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். மராத்தியில் மனு எழுதித் தருவோம். நூறு மனு சேர்ந்ததும் வார்டு அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். தலையாட்டிய மாட்டுங்காப் பெரியவர்களும் வரலாம். முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம்.